பி.ஏ.பி. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம்: கடைமடையிலிருந்து ஒரு மதிப்புரை

மோட்டார், சொட்டுநீர்க் குழாய், விதை, உரம் என்று விவசாயி காசு கொடுத்து வாங்கும் அனைத்துக்கும் இன்று இணையத்தில் மதிப்புரை கிடைக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களில் அவர் நம்பியிருக்கும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தைப் பற்றி மட்டும், அதன் பயனாளி என்ற இடத்தில் நின்று எழுதப்பட்ட ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தில் (பி.ஏ.பி.), காங்கயம் பக்கம் ஒரு கிளைக் கால்வாயின் கடைமடையில் நிலம் வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் பெயரையோ நிர்வாகிகளின் பெயர்களையோ இங்கே குறிப்பிடப் போவதில்லை. குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சங்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதே அதற்குக் காரணம்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு, விவசாயிக்காகப் பேசுவதில் நான்கு. தண்ணீரைப் பங்கிடுவதில் மூன்று. வாய்க்கால் பராமரிப்பில் ஒன்றரை. கணக்கு வழக்கில் ஒன்று. இந்த மதிப்பெண்கள் இவ்வளவு ஏறி இறங்குவதற்கு நிர்வாகிகளின் குணநலன்கள் ஓரளவே காரணம். சங்கத்துக்கு அதிகாரிகளிடம் பேசும் உரிமையைக் கொடுத்த சட்டத்தின்கீழ் மதகின் சாவியும் பணப்பையும் இன்றுவரை நீர்வளத் துறையிடமே இருக்கின்றன என்பதுதான் பெரிய காரணம்.

திட்டத்தைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். ஆனைமலைத் தொடரில் மேற்கு நோக்கி ஓடும் ஆறுகளின் நீரை அணைகள், சுரங்கங்கள், கால்வாய்கள் வழியாகக் கிழக்கே திருப்பி, கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்குக் கொண்டுவருவது பி.ஏ.பி. தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. சர்க்கார்பதியிலிருந்து மலையடிவாரத்தை ஒட்டி ஏறத்தாழ 49 கிலோமீட்டர் வரும் காண்டூர் கால்வாய்தான் திருமூர்த்தி அணையை நிரப்புகிறது. அந்த அணையை நம்பியிருக்கும் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 3.77 லட்சம் ஏக்கர். இத்தனை நிலத்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொடுக்க வழியில்லாததால், ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்துக்கும் சுமார் 94,000 ஏக்கர் என்ற அளவில் முறை வைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. ஒரு மண்டலத்தின் முறை மீண்டும் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வந்தாலும் நான்கோ ஐந்தோ சுற்றுகள்; அதிலும் தண்ணீர் ஓடும் நாட்களும் அடைப்பு நாட்களும் மாறி மாறி வரும். ஆக, இரண்டு ஆண்டுகள் காத்திருந்து பெறும் அந்தச் சில சுற்றுகளில் ஒன்று தவறினால் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் காய்ந்துவிடும். சங்கம் நன்றாக இயங்குகிறதா என்ற கேள்வி கடைமடைக்காரருக்கு இப்படித்தான் சோற்றுக் கேள்வியாகிறது.

பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டத்தைத் தமிழ்நாடு 2000ஆம் ஆண்டில் இயற்றியது. அதன்படி ஆயக்கட்டு நிலவுடைமையாளர்கள் சேர்ந்தது ஒரு சங்கம். சங்கத்தின் எல்லை ஆட்சி மண்டலத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, தொகுதிக்கு ஓர் உறுப்பினரும் சங்கத்துக்கு ஒரு தலைவரும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். சங்கத் தலைவர்கள் கூடிப் பகிர்மானக் குழுத் தலைவரையும், பகிர்மானக் குழுத் தலைவர்கள் கூடித் திட்டக்குழுத் தலைவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். வாய்க்கால் கரையிலிருந்து அணை வரைக்கும் மூன்று படிகளில் விவசாயிகளின் பிரதிநிதிகள் இருப்பது, காகிதத்தில் பார்த்தால், இந்தியாவின் எந்தப் பாசனத் திட்டத்துக்கும் பெருமை சேர்க்கக்கூடிய ஏற்பாடு. நீர்ப் பகிர்வு அட்டவணை தயாரிப்பது, பராமரிப்புப் பணிகளைத் திட்டமிடுவது, விவசாயிகளுக்குள் எழும் தகராறுகளைத் தீர்ப்பது, வரவு செலவுக் கணக்கை வைத்துத் தணிக்கைக்கு உட்படுத்துவது ஆகியவை சங்கத்தின் கடமைகளில் அடங்கும்.

தேர்தலிலிருந்து தொடங்கலாம். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் என்றாலும் கட்சிகள் இல்லாத தேர்தல் என்று சொல்ல முடியாது. பல தொகுதிகளில் வாக்குப்பதிவுக்கே வேலை இருப்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் கூடிப் பேசி, ‘ஒருத்தரே நிக்கட்டும், எதுக்குங்க வீண் பகை’ என்று முடித்துவிடுகிறார்கள். போட்டியின்றித் தேர்வாவதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் இரண்டு குடும்பங்கள் தேர்தலில் மோதிக்கொண்டால், அடுத்த ஐந்து ஆண்டுகளும் ஒவ்வொரு மடையும் தேர்தல் களமாகிவிடும். ஆனால் அந்தக் கோயில் மண்டபப் பேச்சில் தலைமடைப் பெருநிலக்காரர்களின் குரலே உரக்கக் கேட்கும் என்பதையும், கடைமடையில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்களைக் கூப்பிடவே மறந்துவிடுவார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைவர் எவராக இருந்தாலும் பரவாயில்லை, கடைமடைத் தொகுதியின் உறுப்பினர் மட்டும் கடைமடையில் விவசாயம் செய்பவராக இருக்க வேண்டும் என்பது என் அனுபவத்தில் உறுதிப்பட்ட கருத்து. தொகுதியின் மேல்பகுதியில் நிலம் உள்ளவர் கடைமடைக்கு உறுப்பினராக வந்தால், அவருடைய தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்து முடிந்த அன்றோடு அவருக்குச் சுற்று முடிந்துவிடுகிறது.

தேர்தல் ஏற்பாட்டின் மிகப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. எல்லா இடங்களுக்கும் ஒரே நேரத்தில் பதவிக்காலம் முடிகிறது. உரிய காலத்தில் அடுத்த தேர்தல் அறிவிக்கப்படாவிட்டால் சங்கமே இல்லாமல் போகிறது. அப்படி நிர்வாகிகள் இல்லாமல், துறை அதிகாரிகளிடமே எல்லாவற்றுக்கும் போய் நிற்க வேண்டிய நிலையில் கழிந்த ஆண்டுகள் பி.ஏ.பி.யில் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்காவின் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. அங்கே வேளாண்துறையின் பண்ணைச் சேவை முகமைக்குக் கீழே ஒவ்வொரு வட்டாரத்திலும் விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் குழு உண்டு. 1930களில் தொடங்கிய அந்தக் குழுக்களில் 3 முதல் 11 உறுப்பினர்கள் வரை இருக்கிறார்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு. ஆனால் ஆண்டுதோறும் ஒரு பகுதி இடங்களுக்கு மட்டும் தேர்தல் நடக்கிறது. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வருகிறது. குழு ஒருபோதும் முற்றிலும் காலியாவதில்லை. அந்தக் குழுக்களும் மாசற்றவை அல்ல. கறுப்பின விவசாயிகளுக்குக் கடன் மறுத்ததாக அவற்றின் மீது எழுந்த குற்றச்சாட்டு, 1999இல் அந்நாட்டு அரசு பெரும் இழப்பீட்டுக்கு உடன்பட்ட ஒரு வழக்கின் மையத்தில் இருந்தது. உள்ளூர்க் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது எந்த நாட்டிலும் சின்ன விஷயம் இல்லை.

இனி, தண்ணீர் விடும் நாட்கள். சேவையின் தரத்தை அளக்க வேண்டிய இடம் இதுதான். நல்ல சங்கம் என்றால் சுற்று தொடங்கும் முன்பே எந்த மடை எந்தக் கிழமை திறக்கும், எத்தனை மணி நேரம் ஓடும் என்ற அட்டவணை ஒவ்வொருவர் கைக்கும் வந்துவிட வேண்டும். எங்கள் பகுதியில் இது இப்போது வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. மடைச்சுவரில் பெயின்ட் அடித்திருக்கும் அளவுகோலைப் படம் எடுத்து, காலையிலும் மாலையிலும் உறுப்பினர்கள் அந்தக் குழுவில் போடுகிறார்கள். மேல்மடையில் எவ்வளவு ஓடுகிறது என்பது கடைமடைக்காரருக்கு வீட்டிலிருந்தபடியே தெரியவருவது, சொல்லப்போனால், இந்தச் சேவையில் நான் கண்ட மிகச் சிறந்த முன்னேற்றம். முன்பெல்லாம் வாய்க்காலைக் கவனிக்கும் துறை ஊழியரான லஸ்கர் வந்து சொன்னால்தான் உண்டு. அவருடைய நோட்டில் எழுதியிருப்பதும் வாய்க்காலில் ஓடுவதும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. படம் வரத் தொடங்கிய பிறகு, ‘அளவு குறையுதுங்க, என்னன்னு பாருங்க’ என்று கடைமடையிலிருந்து ஒரு வரி எழுதினால், யாராவது ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு கரையோரம் போய்ப் பார்க்கிறார்.

பகலில் இத்தனையும் சரியாகவே நடக்கிறது. இருட்டிய பிறகுதான் சங்கத்தின் பலவீனம் தெரிகிறது. கரையின் மேலே ஓஸ் பைப்பைப் போட்டு உறிஞ்சுவது, கரைக்கு அடியில் பி.வி.சி. குழாயைப் புதைத்து வாயில் கல்லை வைத்து மறைப்பது, வாய்க்காலை ஒட்டிக் கிணறு வெட்டி மோட்டார் போட்டு இழுப்பது, அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாகப் பல கிலோமீட்டர் கொண்டுபோய் ஆயக்கட்டிலேயே இல்லாத தென்னந்தோப்புக்குப் பாய்ச்சுவது என்று தண்ணீர்த் திருட்டு பல விதம். காண்டூர் கால்வாயிலிருந்து வெள்ளகோவில் வரைக்கும் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இதை எதிர்த்துக் காங்கயம், வெள்ளகோவில் பகுதி விவசாயிகள் பலமுறை போராடியிருக்கிறார்கள். வருவாய்த் துறை, காவல்துறை, மின்வாரியம், நீர்வளத் துறை ஆகியவை சேர்ந்த கண்காணிப்புக் குழுக்களும் அவ்வப்போது அமைக்கப்படுகின்றன. சங்க உறுப்பினர்கள் இரவு ரோந்து போகிறார்கள் என்பதும் உண்மை. டார்ச் லைட்டோடு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கரையோரம் போகும் உறுப்பினரால் செய்யக்கூடியது ஓஸைப் பிடுங்கிக் கரையில் எறிவது மட்டுமே. வழக்குப் போடவோ மின் இணைப்பைத் துண்டிக்கவோ அவரால் முடியாது. பிடுங்கப்பட்ட ஓஸுக்குச் சொந்தக்காரர் மறுநாள் டீக்கடையில் எதிரே உட்கார்ந்திருப்பார். அநேகமாக உறவுக்காரராகவும் இருப்பார்.

ஒரு சுற்றின்போது நள்ளிரவில் எங்கள் பகுதி மடைக்கு வரும் நீர் பாதியாகக் குறைந்தது. உறுப்பினரோடு சேர்ந்து மேலே போய்ப் பார்த்தபோது, அடைத்திருக்க வேண்டிய ஒரு மடையின் ஷட்டர் ஒரு சாண் அளவுக்குத் தூக்கிவிடப்பட்டு, அடியில் உருளைக்கல் ஒன்று முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. இறக்கலாம் என்றால் திருகுக் கம்பியில் பூட்டுத் தொங்குகிறது. லஸ்கரை எழுப்பி வரவழைத்தோம். நியாயமானவர்தான். ‘நீங்க சொல்றது செரிதானுங்க. ஆனா இந்த மடைச் சாவி எங்கிட்ட இல்லீங்களே, ஆபீஸ்ல இருக்குது’ என்றார். கடைசியில் மணல் மூட்டைகளைப் போட்டு அடைத்துவிட்டு வந்தோம். விடிந்ததும் உறுப்பினர் அலுவலகத்துக்குப் போய்ச் சாவியோடு ஆளைக் கூட்டிவந்தார். அவருடைய அன்றாட வேலை அன்று கெட்டது, அதற்கு எவரும் அவருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கவில்லை. அவரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தண்ணீர்ப் பகிர்வுக்குப் பொறுப்பு என்று சட்டம் யாரைச் சுட்டுகிறதோ, அவரிடம் ஒரு பூட்டின் சாவி இருக்கக் கூடாது என்று எந்த நியாயத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி. சாவியைக் கொடுத்தால் தலைமடைக்காரர்கள் மிரட்டி வாங்கிக்கொள்வார்கள் என்று அதிகாரிகள் சொல்லும் பதிலில் ஓரளவு உண்மை உண்டு. அப்படியானால் இரண்டு பூட்டுப் போட்டு, ஒன்றின் சாவியைத் துறையும் மற்றதன் சாவியைக் கடைமடைத் தொகுதி உறுப்பினரும் வைத்துக்கொள்ளலாம். வங்கி லாக்கருக்கு இருக்கும் ஏற்பாடு தண்ணீருக்கு ஏன் கூடாது?

பராமரிப்பைப் பற்றிச் சொல்வதற்கு மகிழ்ச்சியான செய்தி அதிகம் இல்லை. பகிர்மான வாய்க்கால்களில் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. ஊருக்குப் பக்கத்தில் வாய்க்கால் குப்பைமேடு, ஊரைத் தாண்டினால் மதுப்பாட்டில்கள். கான்கிரீட் பலகைகள் பெயர்ந்த இடங்களில் நீர் கசிந்து பக்கத்து நிலத்தைச் சதுப்பாக்குகிறது. அந்த நிலத்துக்காரருக்கும் நஷ்டம், கீழே காத்திருப்பவருக்கும் நஷ்டம். தூர்வாரும் பணி பெரும்பாலும் தண்ணீர் திறப்பு அறிவிக்கப்பட்ட பிறகே அவசரம் அவசரமாகத் தொடங்குகிறது. நூறு நாள் வேலைத் திட்டத் தொழிலாளர்களை இதற்குக் கேட்டு வாங்குவதில் சில சங்கத் தலைவர்கள் கெட்டிக்காரர்கள். கேட்கத் தெரியாத தலைவர் வாய்த்த சங்கத்தில் தண்ணீர் வந்துதான் குப்பையை அடித்துக்கொண்டு போக வேண்டும், அதுவும் நேராகக் கடைமடைக்கே வந்து சேரும். சங்கத்துக்கென்று நிலையான வருமானம் கிடையாது. தண்ணீர்த் தீர்வையை வருவாய்த் துறை வசூலிக்கிறது. பணிகளுக்கான நிதி துறை வழியாகவே வருகிறது. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சங்கத்துக்குத் தெரியாது.

பணம் வந்த காலத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தை 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன் தொடங்கியபோது, பணிகளை ஆயக்கட்டுதாரர்களே எடுத்துச் செய்ய வேண்டும், மதிப்பீட்டில் 10 சதவீதத்தை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ விவசாயிகள் தர வேண்டும் என்பது விதி. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பல ஊர்களில் பெயர்ப் பலகையில் சங்கமும் பொக்லைனில் ஒப்பந்ததாரரும் இருந்தார்கள் என்ற புகார் மாநிலம் முழுக்க எழுந்தது. சங்கத்தைப் பணி செய்யும் அமைப்பாக ஆக்கும்போது, கணக்கைப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்து உண்டாக்காவிட்டால் இப்படித்தான் முடியும். எங்கள் பகுதியில் வேலை ஓரளவு நடந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் எவ்வளவு செலவானது என்று பொதுக்குழுவில் கேட்டபோது, ‘எல்லாம் ஆபீஸ்ல இருக்குதுங்க’ என்பதே பதிலாக வந்தது. தீர்மானப் புத்தகத்தைக் கேட்டால் முகம் மாறுகிறது. பொதுக்குழுக் கூட்டம் என்பது தண்ணீர் திறக்கும் நேரத்தில் மட்டும் கூடுவதாகச் சுருங்கிவிட்டது. கணக்குக்கு நான் கொடுத்த ஒரு மதிப்பெண், அந்தப் புத்தகம் ஒன்று இருக்கிறது என்பதற்காக.

இவ்வளவையும் படித்தவர் பேசுவதில் நான்கு மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்கலாம். திருமூர்த்தி அணையில் எவ்வளவு நீர் இருந்தால் திறப்பது, எந்தத் தேதியில் திறப்பது, எத்தனை சுற்று கொடுப்பது என்று முடிவாகும் கூட்டங்களில் திட்டக்குழுவும் பகிர்மானக் குழுக்களும் உட்கார்ந்து பேசுகின்றன. அந்த இடத்தில் பி.ஏ.பி. பிரதிநிதிகள் வெறுமனே தலையாட்டுபவர்கள் அல்லர். மில்லியன் கன அடிக் கணக்கை அதிகாரிகளுக்குச் சமமாகப் பேசக்கூடியவர்கள் அவர்களில் பலர் உண்டு. மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரைச் சித்தூர்ப் பகுதிக்காகக் கேரளத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு 6,400 ஏக்கருக்கு முன்னுரிமை உண்டு. குடிநீருக்கு எடுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மண்டலப் பாசனம். இந்தக் கணக்கில் ஒரு சுற்றைக் கூடுதலாக வாங்குவது சாதாரண வேலை அன்று. 2022இல் ஆழியாற்றிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் 930 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, பொள்ளாச்சி, உடுமலை பகுதிகளில் எழுந்த எதிர்ப்பைத் திரட்டியதில் பாசன அமைப்புகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. குடிதண்ணீர் கேட்பவரை எதிர்ப்பது சரியா என்று எனக்குள்ளேயே ஒரு தயக்கம் இருந்தாலும், ஆயக்கட்டுக்காரர்களின் நிலையை ஒரே குரலாக எடுத்துச் சொல்ல அமைப்பு ஒன்று இருந்ததால்தான் அது முடிந்தது என்பதை மறுக்க முடியாது. பி.ஏ.பி.க்குக் கூடுதல் நீர் கொண்டுவரும் ஆனைமலையாறு–நல்லாறு திட்டத்தை நிறைவேற்ற வேண்டும், முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்பட வேண்டிய ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற கோரிக்கைகள் ஆறிப்போகாமல் இருப்பதும் இவர்களால்தான்.

அதே 2022இல், செப்டம்பர் 21 அதிகாலையில், பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடுவில் இருந்தது உடைந்து, சுமார் 6 டி.எம்.சி. தண்ணீர் சாலக்குடி ஆற்றில் வீணாகப் போனது. திட்டத்தின் மிகப் பெரிய தொட்டி அது. அன்று ஆயக்கட்டில் ஒவ்வொருவர் வாயிலும் இருந்த கேள்வி, நம் முறைக்கு எத்தனை சுற்று குறையும் என்பதே. அதற்கு விளங்கும்படியாகப் பதில் கிடைத்தது சங்கத் தலைவரிடமிருந்துதான். அவரும் முழுமையாகத் தெரிந்து பேசவில்லை. ஆனால் போனை எடுத்தார், தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார்.

மாற்றுச் சேவை என்று பார்த்தால், மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் ஒன்றுதான் இருக்கிறது. அங்கே மனு கொடுத்தால் எண் கிடைக்கும், உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்ற கடிதமும் கிடைக்கும். மின் இணைப்பு, பயிர்க் காப்பீடு, பட்டா போன்ற விஷயங்களுக்கு அது பயன்படும். அடுத்த மாதக் கூட்டம் வரைக்கும் காத்திருக்கக்கூடிய குறைகள் அவை. இன்று இரவு வராத தண்ணீரைப் பற்றி அடுத்த மாதம் பேசிப் பயனில்லை. ஆகவே சங்கத்துக்கு ஈடாக வேறொன்று இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தச் சேவை யாருக்குக் கிடைப்பதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாக்காளர் பட்டியல் நில ஆவணங்களை வைத்துத் தயாரிக்கப்படுகிறது. குத்தகைக்கு எடுத்து உழுபவர், வாரத்துக்குப் பயிரிடுபவர் ஆகியோர் அதில் வருவதில்லை. கோவையிலோ திருப்பூரிலோ குடியேறி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டவர் பட்டியலில் இருக்கிறார். இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே பட்டா இருக்கும் குடும்பங்களில் உயிரோடிருப்பவர் எவருக்கும் வாக்கு இல்லை. தோட்டத்து வேலையில் பாதிக்கு மேல் பெண்கள் செய்கிறார்கள், இரவில் தண்ணீர் கட்டப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். நிலம் பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருப்பதால் சங்கக் கூட்டத்தில் பெண்களைப் பார்ப்பது அரிது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் உறுப்பினரின் கணவர் வந்து கையெழுத்து வைக்கும் காட்சிக்கும் பஞ்சமில்லை. எங்கள் பகுதியில் சொந்தமாகவே கூட்டத்துக்கு வரும் ஒரு பெண் உறுப்பினர் உண்டு. ஒரு சுற்றில் அட்டவணையை இரவு நேரத்திலிருந்து பகலுக்கு மாற்றித் தரும்படி விடாமல் கேட்டு வாங்கினார். அதனால் அவருடைய தொகுதியில் உள்ள அத்தனை பேருக்கும் நன்மை கிடைத்தது, கேட்கலாம் என்றே ஆண் உறுப்பினர் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

தென்னையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் திட்டம் பருத்தி, மக்காச்சோளம், நிலக்கடலை போன்ற புன்செய்ப் பயிர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறையால் இன்று ஆயக்கட்டில் பெரும்பகுதி தென்னையாகிவிட்டது. தென்னைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் என்ற கணக்கு பொருந்தாது. திருட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். சங்கக் கூட்டங்களில் இதை எவரும் பேசுவதில்லை, ஏனென்றால் பேச வேண்டியவர்களிடமும் தென்னந்தோப்பு இருக்கிறது.

புதிதாக இந்தச் சேவையைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவை. வரைவு வாக்காளர் பட்டியல் ஒட்டப்படும்போதே உங்கள் சர்வே எண்ணும் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தேர்தல் அறிவித்த பிறகு திருத்தம் கேட்டு அலைவது வீண். கடைமடை உறுப்பினராகக் கடைமடைக்காரரையே நிறுத்துங்கள். பொதுக்குழுவில் வாய்வார்த்தையாகப் பேசுவதோடு நிறுத்தாமல், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத பேச்சை உதவிப் பொறியாளரிடம் கொண்டுபோக முடியாது. அளவுகோல் படத்தை நாள், நேரத்தோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வரும்போது அதைவிட வலுவான சாட்சி கிடையாது.

ஆயக்கட்டில் நிலம் வாங்க நினைப்பவர்கள் பத்திரம் பார்ப்பதற்கு முன்பு அந்தப் பகுதிச் சங்கத் தலைவரையோ தொகுதி உறுப்பினரையோ ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. நிலம் எந்த மண்டலத்தில் வருகிறது, எந்த மடை, கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது, எத்தனை சுற்று முழுமையாகப் பாய்ந்தது, அந்த மடைக்கு மேலே எத்தனை கிணறுகள் வாய்க்கால் ஓரம் இருக்கின்றன என்று கேளுங்கள். தரகர் ‘பி.ஏ.பி. பாசனம் உள்ள பூமி’ என்று விளம்பரத்தில் போடுவதில் இவற்றில் ஒன்றும் இருக்காது. உறுப்பினர் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். கூடவே, நீங்கள் நிலத்தை வாங்கினால் இரவு ரோந்துக்கு வருவீர்களா என்றும் கேட்பார்.